பணி ஓய்வுக்குப் பின் பனிக்காலப் பகல் பயணங்களும் குடும்ப மடலும்: கடலூர், புதுச்சேரி தம்பதியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் தொலைபேசிப் பேச்சு சீக்கிரமே வற்றிப்போகிறது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மூட்டுவலி தேவலையா என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆமாம், ஆமாம், பரவாயில்லை என்று நாம் சொல்கிறோம். அதன்பின் அவர்கள் ஊர்க் கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவிக்குத் தமக்கென்று சொல்லச் செய்தி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் செய்தி வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டாது. வாரம் ஒருமுறையாவது நாம்தான் போய்ப் பார்த்துவர வேண்டும். பார்த்துவந்ததை அன்று மாலையே எழுதி அனுப்ப வேண்டும். பயணமும் மடலும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. ஒன்றை விட்டால் மற்றது நிலைக்காது.

முதல் படி: காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் கரையோரத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. மார்கழி பிறந்துவிட்டால் மழை ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் அப்படி நினைப்பதில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது 2024 நவம்பர் 30. ஆகவே மார்கழிப் பாதிவரை பொறுத்திருங்கள். அங்கிருந்து மாசி மகம் வரை உள்ள காலம்தான் நமக்குரியது. முன்பனி விலகிப் பின்பனி தொடங்கும் அந்த வாரங்களில் காலை பத்து மணி வெயில்கூட முதுகுக்கு இதமாக இருக்கும்.

கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 1-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தி வந்தாலே அந்த வாரப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். பனியும் புகையும் கலந்து சாலை தெரியாது. காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரைக்கும் படகுத்துறைக்கும் போக வேண்டாம். தை 5-ஆம் நாள் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா. சாமிகள் ஆற்றுக்கு வரும் அழகைப் பார்க்க ஆசை இருந்தால் காலையிலேயே போய், கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

இரண்டாம் படி: நவம்பரிலேயே முடிக்க வேண்டியவை

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழை நவம்பரில் கொடுத்தாக வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். கைபேசியில் முகத்தைக் காட்டிச் செய்யும் ஜீவன் பிரமாண் முறை, விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு நிம்மதியான வழி. மாநில அரசு ஓய்வூதியர்களும், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் புதுச்சேரிக் குடும்பங்களும் தங்களுக்குரிய நாளை நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காகித வேலை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தால் எந்த ஊருக்குப் போனாலும் மனம் அங்கே நிற்காது.

அதே மாதத்தில் இருவரும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பயண நாளில் அதை எப்போது போடுவது என்று கேளுங்கள். வழியில் கழிப்பறை தேடித் தவிக்கும் அவதி பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. சர்க்கரைக்கு ஊசி போடுபவர்கள் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்று கேளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் விசாரியுங்கள்.

மூன்றாம் படி: தூரம், நேரம், வண்டி

ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் இடம் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை ஏழரைக்குக் கிளம்பி, மதியச் சாப்பாட்டை வெளியே முடித்து, நான்கு மணிக்குள் வீடு திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். வழியில்தானே இருக்கிறது என்று இன்னும் இரண்டு கோயில்களைச் சேர்ப்பவர்கள் எதையும் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணியளவில்தான் திறப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூர்–புதுச்சேரி, கடலூர்–சிதம்பரம் தடங்களில் பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. பெண்களுக்குத் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமும் இல்லை. திருவக்கரை, கழுவேலி போன்ற இடங்களுக்கு வாடகைக் கார்தான் வசதி. பேசும்போதே டிரைவர் பேட்டா, காத்திருக்கும் நேரம் இரண்டையும் சேர்த்துத் தொகையை முடித்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிப் பதிவுள்ள வாடகை வண்டியில் தமிழ்நாட்டு எல்லைக்குள் போவதானால் பெர்மிட் செலவு யாருடையது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். நண்பர் தம்பதி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு பாதியாகிறது, பேச்சு இரட்டிப்பாகிறது.

கூடையில் என்னென்ன என்பது உங்களுக்கே தெரியும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் மடித்த இட்லிக்கு ஈடான பயண உணவை நான் இதுவரை கண்டதில்லை. தண்ணீர், அன்றைய மாத்திரைகள், ஒரு பிடி சர்க்கரை மிட்டாய், மடக்கு நாற்காலி ஒன்று, குடை. இருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் பெயர், முகவரி, பிள்ளையின் எண், சாப்பிடும் மருந்துகள் எழுதிய சீட்டு இருக்கட்டும். எங்கே போகிறோம் என்பதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நான்காம் படி: எங்கே போவது

நான் சொல்லும் முதல் நான்கு பயணங்களும் ஒரே கல்லைத் தேடிப் போகிற பயணங்கள். நிலவியலில் நம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கிறது கடலூர் மணற்கல். கடலூருக்குத் தெற்கே செம்மண் மேடாகக் கிடக்கும் கேப்பர் மலை அந்தக் கல்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருப்பதும் அதே. திருவக்கரையில் மரங்களைக் கல்லாக்கி வைத்திருப்பதும், பொம்மையார்பாளையத்தில் பாலைநிலம் போலப் பிளந்து கிடப்பதும் அதே. ஒவ்வொரு வாரமும் ஒன்றாகப் பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்குத் தொடராக எழுதினால், அடுத்த மடல் எப்போது என்று அவர்களே கேட்பார்கள்.

கேப்பர் மலையில் தொடங்குங்கள். கடலூர்க்காரர்களுக்கு இது காலை நடைத் தூரமே. செம்மண்ணும் முந்திரித் தோப்பும், மேலிருந்து பார்த்தால் கெடிலம் பாயும் சமவெளியும் தெரியும். திரும்பும்போது திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த இடம். கோயிலை அடுத்த ஔஷதகிரிக் குன்றுக்குப் படிகள் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அடிவாரத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நெய்வேலி நகரியம் நிழலுக்கும் அகன்ற சாலைகளுக்கும் பெயர்போனது. அதை வடலூரோடு சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாம். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்ற என் விதிக்கு இது ஒரு விலக்கு, இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதால்.

திருவக்கரைதான் என் முதல் தேர்வு. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940-இல் அமைத்த கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. மொத்தப் பரப்பு 247 ஏக்கர். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலுக்குள் புதைந்தன. மணலில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வொரு நுண்ணறைக்குள்ளும் நுழைந்து மரப்பொருள் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிளையும் வேரும் பட்டையும் இல்லாத வெறும் அடிமரங்களாக அவை கிடப்பதே, ஆற்றோடு உருண்டு வந்தவை என்பதற்குச் சான்று. சில மரங்கள் 15 மீட்டர் வரை நீளமானவை. நடைபாதையில் ஒரு கல்மரத்தின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் வரிவரியாக இருக்கும். கிளை பிரிந்த இடத்துக் கணு, நம் வீட்டு நிலைப்படியில் இருக்கிறதே அதே மாதிரிச் சுழித்திருக்கும். உடைந்த ஓரத்தில் வெயில் பட்டால் மட்டும் மினுக்கென்று பளிங்கு தெரியும். ஒரு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது; சட்டப்படியும் தவறு, அடுத்து வரும் குழந்தைக்கும் அது வேண்டும். ஊருக்குள் சந்திரமௌலீசுவரர் கோயிலும் வக்கிரகாளியம்மன் சன்னிதியும் உள்ளன. சம்பந்தர் பாடிய தலம். மூன்று முகங்கள் கொண்ட மூலவர் லிங்கத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் பௌர்ணமி நாளைத் தவிர்த்துவிடுங்கள். அன்று கூட்டம் அலைமோதும்.

பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளங்கள் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. மரங்களை வெட்டி மேய்ச்சலுக்கு விட்ட மேட்டு நிலத்தில் மழை ஓடி ஓடி மண்ணை அறுத்து, ஆளுயரத்துக்கு மேல் சுவர்களாக நிற்க வைத்திருக்கிறது. நம் கண்ணெதிரே ஒரு பாலை எப்படிப் பிறக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம். நிழல் கிடையாது, காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். மழை பெய்த மறுவாரம் ஓரத்தில் நிற்காதீர்கள், மண் சரியும். வழி தெரிந்த உள்ளூர்க்காரரோடு போவது நல்லது. பிறகு அதே மேட்டில் ஆரோவில் பக்கம் போங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று அந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டியபோது அந்த இடமும் இதே போன்ற பொட்டல்தான். வரப்பு எழுப்பி மழைநீரைத் தேக்கி, மண்ணுக்குரிய மரங்களை நட்டதால் இன்று அது காடு. பொட்டலையும் காட்டையும் ஒரே காலையில் பார்க்கும்போது, மண்ணை மனிதன் கெடுக்கவும் முடியும், மீட்கவும் முடியும் என்பது யாரும் சொல்லாமலே புரிகிறது. பேரப்பிள்ளைகளுக்கு எழுத இதைவிட நல்ல விஷயம் கிடைப்பது அரிது.

செஞ்சிக்குப் பலர் ஏற முடியாது என்ற பயத்தால் போவதில்லை. ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி. நம் வயதில் ஏற வேண்டியதில்லை. கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன. 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயப் படையின் முற்றுகையைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றதும் இங்கேதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மராட்டியப் படைத்தலங்கள் 12-இல் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தினமும் அவற்றைக் கடந்து நடப்பவர்கள், அவை பிறந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அங்கிருந்து சற்றுத் தள்ளித் திருநாதர்குன்று. பெரிய பாறையில் சமணத்தின் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியருடைய நினைவுக் கல்வெட்டும் அங்கே உண்டு. ஐ என்ற எழுத்து முதன்முதலாகக் காணப்படும் கல்வெட்டு என்று தமிழெழுத்தின் வரலாற்றில் அதைச் சொல்வார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் எவராவது உடன் வந்தால், அவரை அங்கிருந்து கிளப்புவது கடினம்.

வடலூரைச் சாதாரண நாளில் போய்ப் பாருங்கள். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கிக் காட்டும் ஜோதி தரிசனத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். நெரிசலில் நம்மால் நிற்க முடியாது. வள்ளலார் 1867 மே 23 அன்று தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் சாதி, மதம் கேட்காமல் சோறு. அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக் கூடையை அன்று எடுத்துப்போக வேண்டாம். முடிந்ததை அரிசியாகவோ பருப்பாகவோ கொடுத்துவிட்டு வரலாம்.

நீர்ப்பறவைகளுக்கு ஊசுட்டேரி அண்மையில். மரக்காணம் அருகே கழுவேலி இன்னும் விரிவு. கழுவேலி 2024-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் தெரிய வேண்டுமானால் இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று அவசியம். திரும்பும் வழியில் மரக்காணத்து உப்பளங்களில் வண்டியை நிறுத்துங்கள். மழை முடிந்து பாத்திகளைச் சீர்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும். பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே எடுங்கள். கால்வாய்க்குள் மெதுவாகப் போகும், சுரபுன்னை வேர்களைப் பக்கத்தில் பார்க்கலாம். படகில் இறங்கும்போது துறை ஊழியரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தயங்காதீர்கள். தில்லை மரத்தை எட்ட நின்று பாருங்கள், அதன் பால் கண்ணுக்கு ஆகாது. மதியம் சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு கிடைத்தால் விட வேண்டாம்.

ஐந்தாம் படி: அன்று மாலையே மடல்

வீடு திரும்பிக் கால் கழுவி, காபி குடித்தவுடன் எழுதிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சும். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுங்கள். இருவருக்கும் ஒரே காட்சி வேறுவேறாக நினைவிருக்கும், அதுவே மடலுக்கு உயிர். பார்த்த ஒன்று, சாப்பிட்ட ஒன்று, பேசிய ஒரு மனிதர், உறவில் ஒரு செய்தி. இவ்வளவு இருந்தால் போதும். படம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றிலாவது நீங்கள் இருவரும் இருங்கள். கோபுரப் படம் அவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும், உங்கள் முகம் கிடைக்காது. ஒரு மாதிரி தருகிறேன்:

“கண்ணுகளா, இன்று தாத்தாவும் ஆயாவும் திருவக்கரைக்குப் போய்வந்தோம். அங்கே மரமெல்லாம் கல்லாகக் கிடக்கிறது. ஆயா ஒரு மரத்தில் வளையங்களை எண்ணத் தொடங்கி, வாட்ச்மேன் தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையை விட்டுவிட்டாள். அவருக்கு உன் வயதில் ஒரு பேத்தி இருக்கிறாளாம், சிலம்பம் கற்றுக்கொள்கிறாளாம். பண்ணுருட்டிப் பெரிய தாத்தா (உன் அப்பாவின் பெரியப்பா) கண் அறுவை முடிந்து நன்றாக இருக்கிறார். நேற்று அவரே பேப்பர் படித்தார். தாத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, எண்ணெய் தேய்த்தாயிற்று. நீ வரும்போது அந்த மரத்தின் வளையங்களை நீதான் எண்ணித் தர வேண்டும்.”

பேரப்பிள்ளைகளுக்கு உறவுமுறை தெரியாது என்பதால், யார் பெயர் வந்தாலும் உறவைப் பக்கத்தில் எழுதுங்கள். சிறு வாக்கியங்களாகத் தமிழில் எழுதினால் அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். படிக்கத் தெரியாத குழந்தைக்கு அதையே ஆயாவின் குரலில் பதிந்து அனுப்புங்கள்.

உறவுச் செய்தியில் சில கட்டுப்பாடுகள் வேண்டும். நிச்சயதார்த்தமோ கருவுற்ற செய்தியோ, அந்த வீட்டார் வெளியே சொல்லும் முன் நாம் எழுதக் கூடாது. சாவுச் செய்தியைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொருவரையும் அழைத்து, வாயால் சொல்லுங்கள். நீங்கள் கீழே விழுந்தால், மயக்கம் வந்தால் மறைக்காதீர்கள். என்ன நடந்தது, மருத்துவர் என்ன சொன்னார், இப்போது எப்படி இருக்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுங்கள். மறைத்த செய்தி வேறொருவர் வாயால் போய்ச் சேர்ந்தால், அதற்குப் பிறகு நாம் நலம் என்று எழுதினாலும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அவர்கள் அடுத்துச் சொல்லப்போவது, இனி எங்கும் போக வேண்டாம் என்பதுதான்.

வாரம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து பேச ஞாயிறு மாலை ஏழரை சரியான நேரம். குளிர்காலத்தில் அப்போது பாரிஸில் பிற்பகல் 3, துபாயிலும் ரெயூனியனிலும் மாலை 6, சிங்கப்பூரில் இரவு 10, நியூயார்க்கில் காலை 9. கலிஃபோர்னியாவில் மட்டும் விடிகாலை 6. அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பேசுங்கள். மடல் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால், பேச்சு மாத்திரையில் தொடங்காது, கல்மரத்தில் தொடங்கும்.

ஆறாம் படி: பிள்ளைகள் வந்தால், காலம் முடிந்தால்

பொங்கலுக்கு அவர்கள் வரும்போது புது இடம் தேடாதீர்கள். நீங்கள் எழுதிய இடங்களில் ஒன்றுக்கே அழைத்துப்போங்கள். வழியும் கழிப்பறையும் நிழலும் உங்களுக்குத் தெரியும். அன்று நீங்கள்தான் வழிகாட்டி. மடல்களை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தால் அதையும் வண்டியில் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் வழியெல்லாம் படித்துக்கொண்டு வருவார்கள்.

மாசி மகத்தோடு பயணங்களை நிறுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக்கும் கடலூரில் தேவனாம்பட்டினத்துக்கும் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் கடலாட வரும் நாள் அது. உள்ளூரிலேயே நடப்பதால் காலையில் ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். பங்குனி வெயில் ஏறிவிட்டால் பகல் பயணம் நம் வயதுக்கு ஆகாது. மடலை மட்டும் நிறுத்தாதீர்கள்; கோடையில் எழுத மாங்காய் ஊறுகாயும் பலாச்சுளையும் இருக்கின்றன. கார் பேசிய டிரைவரின் எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த மார்கழிக்கு அவரை ஐப்பசியிலேயே பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் சபரிமலைப் பயணங்களுக்கு அவர் போய்விடுவார்.